லமீஸின் அப்பா யாரென்று கேட்டார்கள்

திரிபோலி, லெபனான், ஞாயிறு

என் அபூ லமீஸுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் தலையணையை லமீஸ் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா யாருன்னு தெரியாதுன்னு எழுதிக் குடு, பிள்ளைக்காவது லெபனான் குடியுரிமை கிடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பெக்கா பள்ளத்தாக்குக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போனாயே. பிறப்புப் பதிவுக்கு முத்திரை குத்தும் முக்தாரிடம் அதைக் கேட்டேன். அவரும் உன் கட்சிதான்.

"உம் லமீஸ், உன் புருஷனுக்கு எந்த நாட்டுப் பேப்பரும் கிடையாது. நீ லெபனான்காரியா இருந்து என்ன பிரயோசனம்? இங்க பிள்ளைக்கு அப்பன் வழியாத்தான் குடியுரிமை. அப்பன் தெரியாத பிள்ளைன்னா சுலபமா பதிஞ்சிடலாம். அபூ லமீஸ் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்" என்றார்.

"இப்ப அவரை யாரோட அப்பான்னு கூப்பிட்டீங்க?" என்றேன். மனுஷன் காபியை உறிஞ்சினார்.

மகள் பிறந்த நாளிலிருந்து தெருவே உன்னை அபூ லமீஸ், லமீஸின் அப்பா என்றும், என்னை உம் லமீஸ், லமீஸின் அம்மா என்றும்தான் கூப்பிடுகிறது. உன் சொந்தப் பெயர் காய்கறிக்காரருக்குக்கூடத் தெரியாது. உன்னைப் போய்த் தெரியாதென்று எழுதுவேனா?

ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன்; அவர் சட்டத்தைப் படித்துக் காட்டினார். இந்த மண்ணில் பிறந்து, வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைக்காத பிள்ளை லெபனான் பிள்ளைதானாம். வழக்குப் போட்டுவிட்டேன். ஜெயிப்போம்.

வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை. அழைப்பாணையை இத்துடன் வைத்திருக்கிறேன், சோதனைச்சாவடியில் காட்டு. நீலச் சட்டையைத் தேய்த்தாயிற்று.

அப்பா யாரென்று நீதிபதி கேட்பார். நான் வாய் திறக்கமாட்டேன். நீ எழுந்து நில்.

உன் மகளின் அம்மா