மடியில் வைத்த பன்

அம்மா,

இன்று காலை ஜூலியின் விலா எலும்பு என் விரலில் தட்டுப்பட்டது. பின்வாசலில் உட்கார்ந்து அதன் ஈர முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் மழை. தோல் பதனிடும் ஷெட்டுகளிலிருந்து ஊறிய தோலின் வாடை ஊர் முழுக்க இறங்கியிருந்தது. துண்டுக்கு அடியில் வரிசையாக, மெத்தைக்குள் மறைந்த கம்பிகளைப் போல, எலும்புகள். கண்ணால் பார்த்தால் தெரியக்கூடாது, தொட்டால் தெரியவேண்டும், அதுதான் சரியான எடை என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தொட்டேன். உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

நீ இருந்தபோது அதன் வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "லாப்ரடார்னா அப்படித்தான்டி இருக்கும்," என்பாய். வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலத்தில், சர்க்கரை நோயாளியின் தலையணைக்கு அடியில் சொந்தக்காரர்கள் ஒளித்து வைத்த மக்கன் பேடா இனிப்பைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நீ. உன் சர்க்கரைக்கு நீயே கஞ்சியை அளந்து குடித்தாய். நாய் விஷயத்தில் மட்டும் அளவு என்ற சொல்லே உன்னிடம் கிடையாது. காலையில் இட்லி, மதியம் எலும்புச் சோறு, நடுவில் யார் வந்தாலும் பிஸ்கட். நான் ஏதாவது சொன்னால், "ஒரு வாய்தானே," என்பாய். நான் 'அது' என்பேன், நீ 'அவ' என்பாய். இந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, மாலை ஏழு மணி ஜெபம். பின்தாழ்வாரத்தில், தோட்டத்தைப் பார்த்துப் போட்ட உன் பிரம்பு நாற்காலி. மடியில் மடித்த சால்வை. சால்வையின்மேல் பாலில் தோய்த்த வெண்ணெய் பன். எதிரில் ஜூலி. நீ ஊரில் உள்ளவர்களுக்காகவெல்லாம் ஜெபித்து முடிக்கும்வரை பன்னைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். எச்சில் ஒழுகும், ஆனால் மூக்கு ஓர் அங்குலம்கூட முன்னே வராது. நீ 'ஆமென்' என்றதும் எழுந்து எடுத்துக்கொள்ளும். "ஜெபத்துல அவளுக்கும் பங்கு உண்டு," என்று அந்தப் பக்கமிருந்து எனக்குக் கேட்கும்படி சொல்வாய். நான் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள் நான். அது பக்தி இல்லை, பழக்கம் என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லியிருக்கிறேன். நீ சிரித்தாய்.

நீ போன மறுமாதம் ஜூலியால் பின்வாசல் படி ஏற முடியவில்லை. முன்கால் இரண்டும் மேலே, பின்னுடம்பு கீழே. அப்படியே நின்று என்னைப் பார்த்தது. கால்நடை டாக்டர் இடுப்பை அழுத்திப் பார்த்தார். மூட்டு தேய்ந்துகொண்டிருக்கிறது, இதயமும் சிரமப்படுகிறது என்றார். மருந்தைவிட எடைதான் முக்கியம், இப்படியே ஏறினால் படுத்துவிடும், படுத்தால் எழுப்புவது கஷ்டம் என்றார். உன் வீட்டில் உயிரோடு மிச்சம் இருந்தது அதுவும் நானும்தான்.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தினேன். டாக்டர் குறி போட்டுக் கொடுத்த கப்பில் அளந்து, காலையும் மாலையும் இரண்டே வேளை. தோல் நீக்கிய கோழி, வேகவைத்த பூசணி, பீன்ஸ், கொஞ்சமே கொஞ்சம் சோறு. ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது என்றார், குறைக்கவில்லை. விடிந்ததும் பாலாற்று மணலில் மெதுவாக ஒரு நடை. கேட்டைப் பூட்டினேன். அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு வீடாகச் சொல்லி வைத்தேன். மாலையில் நான் காட்பாடியிலிருந்து ரயிலில் வந்து சேர்வதற்குள் சாவி போட்டுத் திறந்து பாத்திரம் கழுவிவிட்டுப் போகும் செல்வியையும் உட்கார வைத்துக் கேட்டேன். "நாய்க்கு ஏதாவது குடுக்கறியா?"

"ஐயோ, இல்லக்கா. நாய்க்கு நான் ஒண்ணுமே குடுக்கறதில்ல. பெரிம்மா மேல சத்தியமா."

உன் பேரில் பொய்ச் சத்தியம் செய்கிறவளின் முகம் இல்லை அது.

எடை பார்ப்பதற்கு அடுத்த தெருவில் கரீம் பாயின் தோல் மண்டி. உப்புப் போட்ட தோல்களை அடுக்கி நிறுக்கும் பெரிய தராசில், ஜூலிக்காக ஒரு கோணி விரித்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். சுற்றிலும் மடித்து வைத்த தோல்கள், மேலே ஈரப் பளபளப்பு. ஜூலி நடுவில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும்.

"முப்பது வருஷமா இதுல நிறுக்கறேன் டீச்சர்," என்றார் முதல் வாரம். "உசுரோட ஏறினது இதுதான்."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தொரு கிலோ.

இரண்டு மாதம் கழித்தும் நாற்பத்தொன்று. அடுத்த வாரம் அதற்கும் மேலே. "இன்னா டீச்சர், நீங்க கம்மியா போடறேன்றீங்க, தராசு ஜாஸ்தின்னுது," என்றார் பாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

அந்த வாரம்தான் நான் அதைக் கவனித்தேன். மாலை ஏழு மணி, முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த பக்கத்தைப் படிக்கவில்லை. பின்தாழ்வாரத்தில் டியூப்லைட் போய் நாளாகிவிட்டது, மாற்றவில்லை. அரை இருட்டில் உன் நாற்காலியின் முதுகு மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால், என்னை நோக்கியபடி, ஜூலியின் முகம். என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மடி எங்கே இருக்குமோ, அங்கே பார்த்துக்கொண்டிருந்தது. வெகு நேரம். வால் தரையில் ஒருமுறை தட்டியது. பிறகு எழுந்து, முகத்தைக் கொண்டுபோய், எதையோ வாங்கிக்கொண்டது. மென்றது. விழுங்கியது.

போய்ப் பார்த்தேன். நாற்காலியில் நீ விட்டுப்போன சால்வை, மடித்தபடி. வேறொன்றும் இல்லை. சால்வையைத் தொட்டேன். ஈரம். பால் வாசனை.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜூலி உட்கார்ந்தது, எழுந்தது, முகர்ந்தது, எதையும் மெல்லாமல் திரும்பி வந்தது. ஞாயிறு மாலைகளில் நீ வீட்டில் இருக்கமாட்டாய், ஆராதனைக்குப் போய்விடுவாய் என்பது எனக்கு நினைவு வந்தது. நினைவு வரக்கூடாது என்று எழுந்துபோய் முகம் கழுவினேன். ஞாயிறு வேறு யாருக்கு விடுமுறை என்று யோசித்திருக்க வேண்டும். ஏழு மணிக்கு முன்பே போய் நாற்காலியில் என்ன இருக்கிறது என்றும் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நம்பாதவர்களுக்கும் வீட்டில் போக விரும்பாத ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் கல்லூரியில் மதியத்தோடு விட்டுவிட்டார்கள். முந்தைய ரயிலைப் பிடித்து வந்தேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மறு செருப்புக்குக் குனிந்தபோது பின்தாழ்வாரத்தில் பேச்சுக்குரல் கேட்டது. தாழ்ந்த குரல், வயதானவர்களிடம் கெஞ்சுவதுபோல.

"இன்னிக்கு கூட வெண்ணெ கொஞ்சம் ஜாஸ்தியாவே தடவிக்கீறேன் பெரிம்மா. சாப்டுங்க."

பதில் வரும் என்று காத்திருந்தேன், அம்மா. உண்மையைச் சொல்லவேண்டுமானால், அந்த ஒரு கணம் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஒற்றைச் செருப்போடு உள்ளே போனேன். செல்வி உன் நாற்காலிக்கு எதிரில் குனிந்து, சால்வையின்மேல் பன்னை நேராக வைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில், சுவரோரம், ஜூலி.

என்னைக் கண்டதும் அவள் பயந்தது உண்மை. ஆனால் பன்னை எடுக்கவில்லை.

"உங்க வூட்ல செத்தவங்களுக்கு வெக்கறதில்லன்னு தெரியும்க்கா. எங்க வூட்ல வெப்போம். போனவங்க பசியோட இருக்கக் கூடாது. பெரிம்மா எனக்கு எவ்ளோ சோறு போட்டுக்கீறாங்க. நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல." அப்புறம், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "பெரிம்மா எடுத்துக்கறாங்கக்கா. மறுநாள் வந்தா இருக்கறதேயில்ல."

"ஜூலி திங்குது செல்வி."

"இல்லக்கா. நான் நின்னு பாத்துக்கீறேன். அது தொடறதேயில்ல. தள்ளி குந்தினு பாக்குது, அவ்ளோதான். தின்ற நாயா இருந்தா வெச்ச உடனே தின்னாதா?"

அவள் சொன்னது நியாயம்தான். என் மாணவிகளில் ஒருத்தி இவ்வளவு ஒழுங்காகப் பார்த்து எழுதினால் மதிப்பெண் போடுவேன். அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. நீ இருந்தபோதும் பன்னைத் தோய்த்து உன்னிடம் கொடுத்துவிட்டு ஆறு மணிக்குள் அவள் போய்விடுவாள், உன் ஏழு மணி ஜெபத்தை அவள் பார்த்ததேயில்லை. ஜூலிக்கு நீ கற்றுக்கொடுத்திருந்த ஒரே ஒழுக்கம், ஆமென் வரைக்கும் காத்திருப்பது. அந்த ஒழுக்கத்தால் நீ வந்து சாப்பிடுகிறாய் என்று செல்வி நம்பினாள். அதே ஒழுக்கத்தால் நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

இரு, காட்டுகிறேன் என்றேன். இருந்தாள். இருவரும் முன்னறையில் தரையில் உட்கார்ந்தோம். மசூதியில் பாங்கு ஓதி முடிந்தது. தெருவில் ஷூ கம்பெனிப் பேருந்து பெண்களை இறக்கிவிட்டுப் போனது. இருட்டியது. ஏழுக்கு ஜூலி எழுந்து நாற்காலிக்கு எதிரில் போய் உட்கார்ந்தது. செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நேரம் போகவேண்டுமே என்று நான் மனதுக்குள் உன் ஜெபத்தை ஓட்டினேன். உனக்குத் தெரியாது, எனக்கு அது மனப்பாடம். முதலில் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், பிறகு தோல் ஷெட்டில் வேலை செய்பவர்கள், தெரு, சபை, தூரத்தில் இருக்கும் சொந்தங்கள். எல்லாருக்கும் கடைசியில் என் பெயர். அதற்கப்புறம் ஆமென்.

மனதுக்குள் நான் ஆமென் என்ற கணத்தில் ஜூலி எழுந்து பன்னை எடுத்துக்கொண்டது.

செல்வி என் கையை விட்டாள். அவள் நிம்மதியடைவாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்போ," என்றாள், "பெரிம்மா இத்தினி நாளும் பட்டினியா?"

என்னிடம் இருந்த படிப்பு எதுவும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. "அம்மாவுக்குச் சர்க்கரை. பன் ஆகாது," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சரியான பதில் என்று தெரிந்தது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமால்ல," என்றாள். "நான் ஒரு கூறுகெட்டவ. இன்னா வெக்கலாம்?"

மறுநாளிலிருந்து கேரட். விரல் நீளத்துக்கு ஒரே துண்டு, வேகவைத்தது. சில நாள் வெள்ளரிக்காய். வைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் இந்தத் துண்டைப் பற்றி மட்டும் சொன்னேன், யாருக்கு வைக்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். தராசு இறங்கத் தொடங்கியது, மெதுவாக, பிறகு நிற்காமல். மேலிருந்து பார்த்தால் ஜூலிக்கு இடுப்பு என்று ஒன்று தெரிகிறது. பின்வாசல் படியைத் தானாகவே ஏறுகிறது. போன வாரம் முப்பத்திரண்டு கிலோ. "டீச்சர், பாதி நாய எங்க வுட்டீங்க?" என்றார் பாய். அவருக்குச் சந்தோஷம்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் நீ கேட்பாய், எனவே மீதியையும் எழுதுகிறேன்.

இப்போது நான் ஏழு மணிக்கு முன்னறையில் உட்காருவதில்லை. டியூப்லைட்டை மாற்றிவிட்டேன். உன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, உன் ஜெபத்தை வாய்விட்டுச் சொல்கிறேன். நம்பி அல்ல. நாய்க்கு ஒழுங்கான வேளையில் ஒழுங்கான முறையில் உணவு தரவேண்டும், அதன் முறை இது, அவ்வளவுதான். உன்னைப் போலவே ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கி, ஷெட், தெரு, சபை என்று வருகிறேன். என் பெயர் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். எனக்காக நானே கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறேன்.

அப்போது ஜூலி காதைத் திருப்புகிறது. என் பக்கம் அல்ல. நாற்காலியின் பக்கம். ஒரு பெயரைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கேட்கிறது.

பிறகு, நான் ஆமென் சொல்வதற்கு முன்பே, எழுந்து கேரட்டை எடுத்துக்கொள்கிறது.