மூன்றாம் தூணருகே நின்றவர்

பதிவு 1. பிற்பகல் 2:20
உறுதியான தகவல்: கடந்த வாரத் துகள் கற்றை ஓட்டத்தில் ஆய்வுச் சுரங்கத்தின் மூன்றாம் தூணருகே துகள்களின் பிணைப்பு அறுந்திருக்கிறது. ஆதாரம்: உணர்கருவியின் பதிவு, இருமுறை சரிபார்த்தது.

மோதலில் ஜோடியாகப் பிறக்கும் துகள்கள் எவ்வளவு விலகினாலும் ஒன்றின் சுழற்சி மற்றதோடு பிணைந்தே இருக்க வேண்டும்; குறுக்கே ஏதாவது நின்றால்தான் அறும். அறுந்த புள்ளிகளை வரைந்தால் ஓர் ஆள் நிற்பது போல் இருக்கிறது; வலது கை காதருகே. ஆனால் அன்று சுரங்கத்தில் யாரும் இல்லை.

காரணம் தேடி ஆய்வாளர் தெரசாவாகிய நானும் தொழில்நுட்பர் அருளப்பனும் இறங்கியிருக்கிறோம். வாக்கி டாக்கியில் கட்டுப்பாட்டு அறை இசக்கியப்பன்: “அண்ணாச்சி, அந்த ஆளு நிக்கானா? டீ வேணுமான்னு கேளுங்க.” அருளப்பன்: “சீனி கம்மியா போடச் சொல்லுதாம்ல.”

தூணில் கட்டுப்பாட்டு அறைக்கான ஒரு பழைய தொலைபேசி தவிர எதுவும் இல்லை.

பதிவு 2. 3:05
அவசர நிறுத்தப் பொத்தான் பழுது. அருளப்பன் அதைக் கழற்றி, பொத்தான் இல்லாமலே கற்றை ஓடும்படி கம்பிகளை நேராக இணைத்து, பெட்டியைப் பூட்டிவிட்டு, புதியது எடுக்க மேலே போனார். வாக்கி டாக்கி அவரிடம். என் சாவியும்.

இறங்குகிறவர் ஆளுக்கொரு சாவி எடுத்து வருவோம். எல்லாச் சாவியும் கட்டுப்பாட்டு அறைப் பலகைக்குத் திரும்பும்வரை பீம், அதாவது துகள் கற்றை, ஓடாது. வாசற்கதவு இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும். விதிப்படி நானும் கூடப் போயிருக்க வேண்டும். அலைச்சல் மிச்சம் என்று சாவியைக் கொடுத்தனுப்புவது எங்கள் பழக்கம்.

பதிவு 3. 3:41
ஒலிபெருக்கியில் இசக்கியப்பன்: “அருளப்பண்ணாச்சி லிப்ட் வாசல்ல மயங்கி விழுந்துட்டாவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. பையில இருந்த ரெண்டு சாவியும் பலகையில மாட்டியாச்சு. கீழ யாரும் இல்ல. நாலு பத்துக்கு பீம். தெரசா மேடம், எங்க இருந்தாலும் கன்ட்ரோல் ரூமுக்கு வாங்க.”

கதவை அடித்தேன். கனத்த இரும்பு. கற்றை ஓடும்போது இங்கே இருப்பவர் பிழைக்க மாட்டார்.

பதிவு 4. 4:02
மீதமிருப்பது தொலைபேசி. நெடுநேரம் எட்டவே நின்றேன். வேறு வழி தேடினேன். இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அருளப்பனைக் குறை சொல்ல வேண்டாம். சாவியை நீட்டியது நான்.

பதிவு 5. 4:08
இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் ரிசீவர். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருக்கிறார்கள். நான் அடிக்கும் மணி அங்கே ஒலிப்பது எனக்குக் கேட்கிறது. இசக்கியப்பன் குரல்: “இந்த நேரத்துல எவம்ல போன் போடுதான்? பீம் வந்தப்புறம் பேசிக்கிடலாம்.”

நகர்ந்தால் கடந்த வாரப் பதிவில் நின்ற அந்த உருவம் நானில்லை. நகர்ந்தால் இணைப்பும் இல்லை.

நிலுவை: யாராவது எடுப்பது. கற்றை 4:10க்கு. மணி அடிக்கிறது. இன்னும் எடுக்க