ஆலாக்கள் முட்டையிடும் மாதம்

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தை நான் கேட்டால்தான் சொல்வீர்கள், அதனால் கேட்கிறேன். தீவுக்கு போன் எட்டாதது மாமனாருக்கு நல்ல வசதி என்று உங்கள் மாப்பிள்ளை சிரிக்கிறார்.

மே விடுமுறைக்கு நீங்கள் காவல் பார்க்கும் தீவுக்கே வருவதாக முடிவு செய்துவிட்டோம். ஓட்டல், கடைத்தெரு எதுவும் வேண்டாம். ஒரு வாரம் கடல், பறவை, ஆமை, நீங்கள். பெரியவள் பறவைப் பைத்தியம். சோப்பு டப்பாவில் இறகு சேர்க்கிறாள். சின்னவன், அங்கே கக்கூஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொன்னான்.

அம்மாவும் வருகிறாள். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். ஆஸ்பத்திரித் தையல் வேலையில் லீவே கேட்காதவள், கேட்டு வாங்கிவிட்டாள். என் கல்யாணத்தன்றே சாப்பிடாமல் படகு பிடிக்க ஓடியவர் நீங்கள். பன்னிரண்டு வருஷத்துக் கோபத்தையும் ஓரமாக வைத்துவிட்டுத்தான் வருகிறோம்.

உங்கள் செல்ல மகள்

பிப்ரவரி 3

என் கண்ணான மகளுக்கு,

கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. ஆனால் மே மாதம் ஆலா என்னும் கடல் பறவைகள் முட்டையிடும் காலம். அவை கூடு கட்டாது, மணலிலேயே இடும். முட்டை பார்க்கக் கூழாங்கல் போலவே இருக்கும். பழகிய எனக்கே கால் வைக்கப் பயம். குழந்தைகள் ஓடினால் என்ன ஆகும்? தாய்ப் பறவை மிரண்டு எழுந்து போனால் வெயிலில் முட்டை வெந்துவிடும். நீ இரக்கமுள்ளவள், புரிந்துகொள்வாய். அதன் பிறகு கடல் சரியிருக்காது. செப்டம்பரில் பார்க்கலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன் அப்பா

மார்ச் 12

அன்புள்ள அப்பா,

"தாத்தா சொல்றது சரிதாம்மா, முட்டை பாவம்" என்கிறாள் பெரியவள். ஆக, இந்த வீட்டில் நான்தான் வில்லி.

செப்டம்பர் என்றதும் பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். என் கண்ணாடிக் கடை முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா உங்களுக்கு இரண்டு சட்டை தைக்கப் போகிறாளாம். இப்போது இளைத்திருக்கிறீர்களா, பெருத்திருக்கிறீர்களா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அளவு அனுப்புங்கள்.

மகள்

ஜூலை 20

அன்பு மகளுக்கு,

நீங்கள் தங்க வேண்டிய விடுதியின் கூரை ஒழுகுகிறது. கிணற்றுத் தண்ணீரும் உப்புக் கரிக்கிறது. குழந்தைகளை வைத்துக்கொண்டு சிரமப்படுவீர்கள். டிசம்பர் தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன். சட்டை எதற்கு? எனக்குக் காக்கி போதும்.

அப்பா

ஆகஸ்ட் 14

அப்பாவுக்கு,

உங்கள் தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதினேன். கூரை போன வருஷமே மாற்றியாயிற்றாம். தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். ஆலாக்கள் வடக்கு முனையில் மட்டும்தானாம், அங்கே கயிறு கட்டி மறித்திருக்கிறார்களாம். உங்களோடு இருக்கும் இன்னொரு காவலரின் மனைவியும் பிள்ளைகளும் வருஷந்தோறும் மே மாதம் வந்து தங்குகிறார்களாம்.

படகுக்காரர் நம்பரும் கொடுத்தார்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஒரு மகள் கேட்கக் கூடாததைக் கேட்டேன். அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்று.

"ஐயோ, தங்கமான மனுஷன்மா. அப்படியெல்லாம் யாரும் இல்ல. நான் சாமான் இறக்கிட்டு ரெண்டு நிமிஷம் நின்னாலே, எப்ப கிளம்புவேன்னு பாப்பாரு" என்றார்.

அம்மா அழவில்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் அவளை வாய் நிறையத் திட்டியிருப்போம். இப்போது யாரைத் திட்டுவது? எங்களை ஏன் வரவிடவில்லை? பறவையை இழுக்காமல் பதில் எழுதுங்கள்.

மகள்

செப்டம்பர் 26

மகளுக்கு,

உன் அம்மாவிடம் ஒரு குறையும் இல்லை. உன்னிடமும் இல்லை. வீட்டில் நாலு பேர் நடமாடினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று இருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால்கூட எரிச்சல் வரும். இங்கே வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். நீங்கள் வந்தால் இந்த இடமும் வீடாகிவிடும் என்று பயந்து பொய் சொன்னேன். தப்புதான்.

இன்னொன்று. மார்ச் மாதம் எனக்கு ஓய்வு. குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லை. நம் வீட்டு மாடி அறை காலியாக இருந்தால் அம்மாவிடம் சொல்லி ஒழித்து வைக்கவும்.

அப்பா

அக்டோபர் 10

அப்பாவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வயசானவர் எங்கே போவார் என்று உங்கள் மாப்பிள்ளை இரக்கப்பட்டார். பொய் எதற்கு, நானும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டேன். அம்மாதான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டாள். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"நாலு பேர் நடமாடினா அவருக்கு நெஞ்சு படபடக்குமாம். இங்க அஞ்சு பேர் இருக்கோம். நானும் சாப்பிடக் கூப்பிடாம இருக்க மாட்டேன், என் வாய் அப்படி. பாவம், அவரு இங்க வந்து கஷ்டப்பட வேண்டாம். யாரும் இல்லாத இடமாப் பாத்துக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்துவிட்டாள். நான் துடைப்பத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்