இரண்டாவது அந்தோணி

லிவர்பூல்,
6 ஏப்ரல் 1876

மதிப்பிற்குரிய ஹொனோரா லாஃப்டஸ் அம்மையாருக்கு,

கடவுளும் அன்னை மரியாளும் உங்களோடு இருப்பார்களாக. உங்கள் குளிர்கால இருமல் விட்டதா? சிவப்புப் பசு கன்று போட்டுவிட்டதா? நான் நலம்தான். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

செய்தியை முதல் வரியில் சொல்வது என் தொழில். இன்று அதற்கே தடுமாறுகிறேன். உங்கள் தம்பி மைல்ஸின் மகன் அந்தோணி உயிரோடு இருக்கிறான். வயது இருபத்தேழு. துறைமுகத்தில் பருத்தி மூட்டை இறக்குகிறான். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் உண்டு.

உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு இங்கே வந்த மைல்ஸின் குடும்பம் என்னவாயிற்று என்று விசாரித்துச் சொல்லும்படி மூன்று வருடங்களுக்கு முன் கேட்டிருந்தீர்கள். மைல்ஸும் மனைவியும் 1849 காலராவில் போய்விட்டார்கள் என்று எழுதினேன். 'அந்தோணி லாஃப்டஸ், ஏழு மாதம், அடக்கம் செப்டம்பர் 1847' என்று பங்குக் கோவிலின் அடக்கப் புத்தகத்தில் கண்டதையும் எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு அடுத்த வருடம் அவர்களுக்கு இன்னொரு மகன் பிறந்திருக்கிறான். தாத்தாவின் பெயர் அற்றுப்போகக் கூடாதென்று அவனுக்கும் அந்தோணி என்றே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். நம் மேயோ மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நடப்பதுதானே? எனக்கு முன் பிறந்து இறந்த அண்ணனும் பர்த்தலோமேயுதான். செத்த பிள்ளையின் பெயரோடு திரியும் எனக்கே அது தோன்றவில்லை.

தோன்றவில்லை என்பதுகூட முழு உண்மையல்ல. அன்று பங்குச்சாமியார் வீட்டில் வேலை செய்யும் டூஹி அம்மா, "மேல் அலமாரியில இன்னொரு புத்தகம் இருக்கு. இறக்கித் தரட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு இரண்டு மணிக்கு ஒரு மரண விசாரணை இருந்தது. வேண்டாமென்று கிளம்பிவிட்டேன்.

போன வாரம் இன்னொரு மரண விசாரணையில், மூட்டை சரிந்து செத்தவனின் கூட்டாளி சாட்சி சொல்ல வந்தான். பெயர் அந்தோணி லாஃப்டஸ் என்றான். வெளியே வந்ததும் தகப்பன் பெயர் கேட்டேன். "மைல்ஸ், கிராஸ்மோலினாக்காரர்" என்றான். உங்கள் ஊரேதான். மறுநாள் போய் மேல் அலமாரியில் இருந்த அந்த ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேட்டேன். "வாங்க பத்திரிகைக்காரரே! புத்தகம் எங்கயும் ஓடிப்போகல. நீங்கதான் ஓடினீங்க" என்று சொல்லிக்கொண்டே டூஹி அம்மா ஏணியில் ஏறினாள். நாலாவது பக்கத்தில் இருந்தான்.

ஒவ்வொரு நவம்பரிலும் கோவிலில் ஜெபத்துக்கு வாசிக்கும் இறந்தோர் பட்டியலில் அவன் பெயரையும் கொடுப்பதாகப் போன வருடம் யாரையோ கொண்டு எழுதியிருந்தீர்கள். உயிருள்ளவனின் பெயரை மூன்று நவம்பர் பலிபீடத்தில் வாசிக்க வைத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். வளர்த்தது பக்கத்து வீட்டுக்காரி என்றான். "சொந்தம்னு யாராவது இருந்திருந்தா, இத்தனை வருஷத்துல தேடியிருக்க மாட்டாங்களா, ஐயா?" என்றான். அதற்கு அவன் மனைவி ஜொஹானா, "தேடி வந்திருப்பாங்க. இந்த மூஞ்சியைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிருப்பாங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அம்மா. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்த இரண்டாம் நாள், பதினெட்டாம் தேதி, அவர்கள் பாஸ்டன் கப்பல் ஏறுகிறார்கள். திரும்பி வரும் எண்ணமில்லை.

இதைத் தபாலில் போட்ட கையோடு அவன் வீட்டுக்குப் போகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். வரும் செவ்வாய்க்கிழமை ஸ்லைகோவிலிருந்து நீராவிக் கப்பல் உண்டு. அதில் வாருங்கள். அவன் முன்னாலேயே என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால், அவனைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன். வரவே முடியாதென்றால், யாரையாவது கொண்டு ஒரே ஒரு வரி எழுதி அவனுக்கு அனுப்புங்கள், நீங்கள் தேடினீர்கள் என்று. நான் சொல்லி அவன் ஏன் நம்ப வேண்டும்?

உங்கள் பயணத்தில் கடல் அமைதியாக இருக்கட்டும்.

உங்களுக்குத் தீங்கு செய்த
பர்த்தலோமேயு டுர்க்கன்