தைலம் போட்டுத் துடைத்த கண்ணாடி

ஜன. 20, செவ்வாய்

உறைபனி. குழாயில் தண்ணீர் இல்லை. போர்வைக்குள் டார்ச். வார்டன் வந்தால் செத்தேன். பக்கத்துக் கட்டில் ஜெனிபர் தூங்கிவிட்டாள், மூக்கடைப்புச் சத்தம்.

இன்று பிசிக்ஸ் சார் டெலஸ்கோப் பெட்டியைத் திறந்தார். டயகனலைக் கையில் எடுத்தார். டெலஸ்கோப் குழாயின் பின்பக்கம் மாட்டுவது; உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி. அது இருந்தால்தான் உச்சி வானத்தைக் கழுத்து ஒடியாமல் குனிந்து பார்க்கலாம். கண்ணாடி முழுக்கத் திட்டுத் திட்டாக, சொறி பிடித்த மாதிரி. சார் மோந்து பார்த்தார்.

"தைலம்! எந்தக் கூறுகெட்டவ வேல இது?"

எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். நானும்தான். அந்தக் கூறுகெட்டவள் நான். பொங்கல் லீவுக்கு முந்தின நாள் அதில் ஈரம் படிந்திருந்தது, பூஞ்சைப் புள்ளி வேறு. கூக்காலில் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலம்: சளி, எறும்பு, அப்பாவின் மூக்குக்கண்ணாடி. பஞ்சில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு முதுகில். இதற்கு முகத்திலேயே என்று யார் கண்டது. பளபளப்பு பஞ்சோடு வந்தது. மூடி வைத்துவிட்டேன். சீ.

ஜன. 21, புதன்

பழி லெச்சுமி அக்கா மேல். லேப் கூட்டுகிறவர். தாத்தா காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். முழங்கால் வலிக்குத் தைலம் தடவுவார். அந்த வாசனைதான் சாட்சியாம். இந்த ஊரில் யார் மேல் மணக்கவில்லை? சாரின் மப்ளரே மணக்கிறது.

அக்கா: "மேலால தூசி மட்டுந்தான் தட்டுவேன் சார். பெட்டியத் தொறந்ததே இல்ல. விளங்குதா?"

சார், அக்கா மாதிரியே இழுத்து: "எனக்கு வெளங்குது. தாளாளருக்குல்ல வெளங்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

சனிக்கிழமையோடு அக்கா நின்றுகொள்ள வேண்டுமாம்.

அப்புறம் சார் என்னிடம்: "ஏத்தா, ஒனக்குத்தான் இதுல வெவரம் உண்டு. புதுசு எது வாங்கலாம்னு பாத்து எழுதிட்டு வா. வெரசா." என்னிடம்!

ஜன. 22, வியாழன்

வெயில். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். புது டயகனல் பட்டியல்:

45 டிகிரி ப்ரிஸம். காட்சி நேராகத் தெரியும். தலைமை ஆசிரியைக்கு இதுதான் ஆசை. விருந்தாளிகளுக்கு மொட்டைமாடியிலிருந்து ஏரியைக் காட்டலாமாம், எந்தப் படகில் யார் என்று. தூ. நட்சத்திரம் உச்சிக்கு வந்தால் ஈரத் தரையில் மண்டி போட வேண்டும்.

90, கண்ணாடி. இட வலம் மாறும், வானத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் மறுபடி ஒருத்தி பஞ்சோடு வருவாள்.

90, ப்ரிஸம். வெளிச்சம் கண்ணாடிக் கட்டிக்குள்ளேயே திரும்பும். துடைத்தால் உரிகிற பூச்சு வெளியே இல்லை. நம்முடையது ஒல்லியான, நீளமான குழாய். ப்ரிஸம் வைத்தாலும் நிறம் பிரியாது, ஒத்துவரும்.

இதுதான்.

ஜெனிபர்: "என்னடி, ரெண்டு நாளா பேயறஞ்ச மாதிரி இருக்க?"

"சளி."

"தைலம் தரவா?"

பாத்ரூமுக்கு ஓடினேன்.

ஜன. 23, வெள்ளி

மூடுபனி. லேபில் சாரும் நானும் மட்டும்.

"ப்ரிஸம் எதுக்குத்தா? கண்ணாடியே போதுமே."

"துடைச்சாலும் கெடாது சார்."

"இனிமே எவ தொடைக்கப் போறா? அந்தம்மாதான் போகுதே."

"நான் தொடைப்பேன் சார். அன்னைக்கும் நான்தான் தொடைச்சேன்."

வந்துவிட்டது வாயில். சார் எழுந்துபோய் வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசு. தாளாளர்ட்ட நாந்தான் போய்ச் சொன்னேன். இப்ப மாத்திச் சொன்னா எனக்கு அசிங்கமா இல்லையா? ஒனக்கு டி.சி. குடுத்துருவாங்க. அந்தம்மாவுக்கு எங்கயாச்சும் ஒரு சோலி கெடைக்கும். நீ படிக்கிற பிள்ள."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அருவருப்பு. அரை நிமிடம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அது அதைவிட.

வாங்குவதற்கான படிவத்தைத் தந்தார். 'பழையது பழுதான காரணம்' என்று ஒரு கட்டம். "ஊழியரின் கவனக்குறைவுன்னு போடு. ஒன் கையெழுத்துதான் அழகா இருக்கும்."

எழுதினேன்: 'நான் தைலம் போட்டுத் துடைத்ததால். லெச்சுமி அம்மாள் பெட்டியைத் திறக்கவில்லை.' கீழே பெயர், பதினொன்றாம் வகுப்பு. சாரிடம் கொடுக்கவில்லை. நாலு மணிக்கு ஆபீஸ் தட்டில், எல்லாத் தாளுக்கும் மேலே, நானே வைத்தேன். கிளார்க் நிமிரக்கூட இல்லை.

தாளாளர் நாளை வெள்ளனே வந்துவிடுவார். டி.சி. என்றால் அப்பாவுக்குப் போன் போகும். பூண்டு வயலில் நின்றுகொண்டு எடுப்பார். என்ன ஏது என்று கேட்கமாட்டார், சரிங்க சரிங்க என்பார்.

ஐந்தரைக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். இனி நினைத்தாலும் அந்தத் தாளை எடுக்க முடியாது.