பேஜார் என்று ஒரு ஃபோல்டர்

இன்று காலை என் மெயில் பெட்டியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வெளியே நல்ல மழை, கரண்ட் இருந்தது. இதற்கு மேல் நல்ல நேரம் பார்க்க முடியாது. லோன் வேண்டுமா என்று கேட்பவை, என்றோ வாங்கிய புடவைக்குக் கருத்துக் கேட்பவை, எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் மாப்பிள்ளை காட்டுபவை. இவற்றையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளி வைக்கலாம் என்று புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்தேன். என்ன பெயர் என்று கேட்டது. என்னைக் கேட்காமலேயே என் விரல்கள் ஆங்கில எழுத்தில் 'பேஜார்' என்று அடித்துவிட்டன.

தொல்லைக்கு உன் பாஷையில் அதுதான் வார்த்தை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து என்ன என்றார். உன் பெயரைச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். உன்னைப் பற்றி அவருக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

பம்மலில் தோல் கையுறை ஏற்றுமதி செய்யும் அந்தச் சின்ன ஆபீசில் பெண்கள் நாம் இருவர்தான். நான் பில் போடுவேன். நீ வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுவாய். ஜன்னலைத் திறந்தால் தோல் வாடை, மூடினால் வேர்வை. எது மேல் என்று தினமும் காலையில் நமக்குள் ஒரு பஞ்சாயத்து நடக்கும். நீதான் ஜெயிப்பாய். "இந்த வாட இன்னாடி வாட, எங்க வூட்டுக்கு வந்து பாரு" என்று சொல்லித் திறந்துவிடுவாய். நீலாங்கரைக் குப்பத்திலிருந்து பம்மலுக்குக் குடிவந்து, தெருத்தெருவாக மீன் விற்று உன்னை பி.காம். படிக்க வைத்தவர் உன் அம்மா. அதை நீ பெருமையாகவும் சொன்னதில்லை, மறைத்ததும் இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்தால் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

உன் மெயில் பெட்டி சாயந்திரம் காலியாக இருக்கும். பதில் எழுத வேண்டியதற்கு எழுதி, வைக்க வேண்டியதை வைத்து, மீதியை அழித்துவிட்டுத்தான் பையை எடுப்பாய். ஏன் இப்படி ஓடுகிறாய், நாளைக்குப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "மீன் கூடையும் மெயில் பொட்டியும் ஒண்ணுதான்டி. ராத்திரிக்கு வெச்சா நாறும்" என்றாய்.

நான் நேர் எதிர். யார் எதை அனுப்பினாலும் அழிக்க மாட்டேன். ரோஜாப்பூ படங்கள், நட்பைப் பற்றிய கவிதைகள், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று மிரட்டும் சாமி படங்கள், எல்லாம் அப்படியே கிடக்கும். ஆசையாக அனுப்பியிருக்கிறார்களே, எப்படி அழிப்பது என்று நினைப்பேன். அந்தக் காலத்துப் பெட்டி எவ்வளவு சின்னது என்பது எனக்குத் தெரியாது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். என் அண்ணன் மஸ்கட்டில் வேலை செய்து அனுப்பிய பணத்தில் பீர்க்கன்கரணையில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பம்மல் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஏரிக்கரைப் பக்கம் ஒரு போர்ஷனுக்கு மாறினோம். போனை மாற்றித் தர எழுதிக் கொடுத்தோம், அது வருவதாக இல்லை. அந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து பேச்சே நின்றுவிட்டது. வங்கிக்கு மாதாமாதம் பணம் மட்டும் வந்தது. அதுதான் அப்பாவுக்கு இன்னும் கோபம். பணத்தைப் போட்டால் போதும், பெற்றவர்கள் எதற்கு என்று ஆகிவிட்டான் என்றார். நான் வாராவாரம் மெயில் எழுதினேன். முதலில் விசாரித்து, அப்புறம் கெஞ்சி, கடைசியில் திட்டி. ஒன்றுக்கும் பதில் இல்லை. வீட்டில் அவன் பெயரை எடுப்பதையே நிறுத்திவிட்டோம். அவனிடம் கேட்காமலே கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு வந்தார் அப்பா. பத்திரிகையில் அண்ணன் பெயர் இல்லை.

மறுநாள் ஆபீசில் நான் அழுதேன். நீ ஆறுதல் சொல்லவில்லை. கடைசியாக அவன் எப்போது எழுதினான், நீ எங்கிருந்து எழுதுகிறாய், அனுப்பினதும் திரையில் என்ன வருகிறது என்று போலீஸ்காரி மாதிரி கேட்டாய். என்னவோ ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வரும், விளம்பரம், மூடிவிடுவேன் என்றேன். சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனாய்.

என் பெட்டியைத் திறந்ததும் நீ போட்ட கூச்சலில் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒருவர் எழுந்து பார்த்தார். நான் விளம்பரம் என்று மூடிக்கொண்டிருந்ததை நீ எழுத்துக் கூட்டுவது போல வாசித்துக் காட்டினாய். பெட்டி நிரம்பிவிட்டது, இனி எதுவும் வராது, எதுவும் போகாது.

"நீ எழுதுனது ஒண்ணுகூட போவல. அவரு எழுதுனது ஒண்ணுகூட வரல. ரெண்டு பேரும் செவுத்தோட பேசிகினு இருந்துகீறீங்க."

நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாய். ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாய்: "இது உனக்கு எழுதுனதா, ஊருக்கே எழுதுனதா?" ரோஜாப்பூவைக் காட்டி, பாவம் ஆசையாக அனுப்பியிருக்கிறாள் என்று நான் இழுத்தேன். மேலே இருந்த முகவரிகளை விரலால் தொட்டுக் காட்டினாய். அவள் அதை நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தாள். அழித்தோம். கவிதைகள் போயின. சாமி படத்தை அழிக்க மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. நீ கன்னத்தில் போட்டுக்கொண்டு நீயே அழித்தாய், எனக்காகப் பாவத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாய். எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியாதவற்றுக்கு 'பேஜார்' என்று ஒரு ஃபோல்டர் போட்டாய். அண்ணனுடைய பழைய மெயில்களுக்கு 'வூடு'. முடிக்கும்போது என் பெட்டி கழுவிவிட்ட முற்றம் மாதிரி இருந்தது.

அப்புறம் அண்ணனுக்கு எழுதினேன். திட்ட வேண்டாம், நடந்ததை மட்டும் எழுது என்றாய். புது விலாசமும், கிரகப்பிரவேச நாளும் எழுதினேன்.

திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல், ஆபீசுக்கு வரவில்லை. சாயந்திரம் நீ வீட்டு வாசலில் வந்து நின்றாய், ஏரிக்கரைச் சேறு கணுக்கால் வரை. என் பாஸ்வேர்டு உனக்குத் தெரியும், திறந்து பார்த்திருக்கிறாய். கையில் அண்ணனின் பதில், அச்செடுத்தது. அவன் எழுதியதெல்லாம் திரும்பி வந்திருக்கிறது, பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான், அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. போன தடவை லீவில் வராததற்கு அப்பா கோபமாக இருக்கிறார், அதுதான் யாரும் பேசவில்லை என்று நினைத்திருக்கிறான். பணத்தையாவது தவறாமல் அனுப்பினால் என்றாவது மனம் இறங்குவார்கள் என்று அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

அப்பா அதை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதான் பேசினாய்.

"அப்பா, உங்க புள்ள பேசிகினுதான் கீறாரு. நம்ம பொட்டிதான் வாய மூடிகினு இருந்துச்சு."

அப்பா சிரித்தார். மாதக்கணக்காக நாங்கள் கேட்காத சிரிப்பு. சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே அச்சகத்துக்குக் கிளம்பினார். அம்மா உன்னைச் சாப்பிடாமல் விடவில்லை. எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு இல்லை என்று நீ அவளிடமே சொன்னாய். அவளுக்கு உன்னைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்திலிருந்துதான்.

அண்ணன் கிரகப்பிரவேசத்துக்கு வந்தான். பால் பொங்கும்போது அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். நன்றியாக உனக்குத் தினமும் ஒரு நல்ல மெயில் ஃபார்வர்டு செய்வதாக அவன் சொன்னதும், செய்தால் பேஜாரில் போடுவேன் என்றாய்.

உன்னைக் காமாலை கொண்டுபோனதைப் பற்றி இங்கே நிறைய எழுதப் போவதில்லை. உனக்கும் அது பிடிக்காது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, யாருக்காவது பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேனா பார் என்று உன் பாஸ்வேர்டைச் சொன்னாய். பார்த்தேன். பாக்கி எதுவும் இல்லை. பெட்டியில் நீ அழிக்காமல் வைத்திருந்தவை கொஞ்சம்தான், எல்லாம் நான் உனக்கு எழுதியவை. அதில் ஒன்றில், நாளைக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டு வா என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. இதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறாய் என்று திரும்பி வந்து கேட்டேன். "எனக்கு எழுதுனதாச்சே" என்றாய்.

இப்போது ஒரு சமாசாரம் சொல்கிறேன். வண்டலூரில் இருக்கும் என் நாத்தனார் இரண்டு மாதமாக என்னோடு பேசவில்லை. போன் செய்தால் கிடைப்பதில்லை. வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள், போகட்டும் விடு என்றார்கள். போன வாரம் நான் பஸ் ஏறி நேரே போய்விட்டேன். மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என்ன அண்ணி, என் மேல் கோபம் தீர்ந்ததா என்று அவள் என்னைக் கேட்கிறாள். அவள் நம்பர் மாறிவிட்டது. மாறியதைச் சொல்லி அனுப்பிய எஸ்.எம்.எஸ். எனக்கு வந்து சேரவில்லை. நான்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அவள் மாவுக் கையோடு அப்படியே உட்கார, இரண்டு பேரும் சிரித்தோம். மதியம் சாப்பாடு போட்டு, வடாமும் கட்டிக்கொடுத்தாள். திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யாராவது பேசாமல் இருந்தால் மனசுக்குள் கணக்குப் போடாமல் எழுந்து போய்க் கேட்டுவிடுவது என் வழக்கமாகிவிட்டது. வீட்டில் இதை என் சுபாவம் என்று நினைக்கிறார்கள். உன்னுடையது என்று எனக்குத் தெரியும். பெருங்களத்தூர் வரும்வரை உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன்.