எட்டாயிரம் ரூபாய்ப் பூசணிக்காய்

என்னங்க,

மூன்று நாளாக உங்களோடு பேசவில்லை. இன்றும் பேசப்போவதில்லை. அதனால்தான் இதைச் சாப்பாட்டுத் தூக்கோடு வயலுக்கு அனுப்புகிறேன்.

அறுப்பின் பண்டிகைக்கு நம் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைக் காணிக்கை வைத்தவள் நான். ஆராதனை முடிந்து சபையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த உங்கள் சித்தப்பா மகன் அதை ஏழாயிரத்துக்குக் கேட்டார். உங்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நம் காயையே நாம் எட்டாயிரத்துக்கு வாங்கினோம். மைக்கில் உங்கள் பெயரைச் சொன்னார்கள், சபையே கை தட்டியது.

வேதாகம உறைக்குள்ளிருந்து எடுத்துக் கட்டினீர்களே, அந்தப் பணத்தை எதற்கு வைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை தவமணியும் மற்றப் பெண்களும் நடவுக் கூலிக்கு வாசலில் வந்து நின்றார்கள். அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தவமணி கோபப்படவில்லை. "உங்க மாமியாரும் எங்களோட நாத்து நட்டவங்கதானே அக்கா, நீங்களுமா இப்படிச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆண்டவருக்குத்தானே கொடுத்தேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். சேற்றில் நின்றவளின் கூலியை எடுத்துக் கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வாரா?

பைக்கை அடகு வைப்பீர்களோ, அந்தச் சித்தப்பா மகனிடமே கைமாற்று கேட்பீர்களோ, எனக்குத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

தூக்கில் பூசணிக்காய்க் கூட்டு இருக்கிறது. தவமணி கையில் கூலி சேரும்வரை வேறு காய் கிடையாது. ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சபை கை தட்டியபோது தலை குனிந்திருந்தவள்